எட்டேகால் மணிக் கல்கவுதாரி

கரிவலம்வந்தநல்லூர்,
9-3-2025, ஞாயிறு.

வெள்ளைக் கார் அண்ணாச்சிக்கு,

இந்த உடைமரத்துக்குக் கிழக்கே கிடக்கிற சரளைத் தரிசு எங்களுடையது. என் பெயர் பூமாரி. மூன்று வாரமாக மரத்தடியில் கார் டயர் தடம் கிடக்கிறது. நான் மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வருவதற்குள் கார் போய்விடுகிறது. இன்று பால் கேனை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஏழு மணிக்கே வந்து மோட்டார் ரூம் பின்னால் நின்று பார்த்தேன்.

கண்ணாடியைப் பாதி இறக்கி, துண்டைத் தொங்கவிட்டு, நடுவில் கறுப்பாக ஒரு நீளக் குழாயை நீட்டியிருந்தீர். முக்கால் மணி நேரம் நின்றேன். நீர் இறங்கவில்லை. இருமக்கூட இல்லை. குழாய் மட்டும் அங்கேயும் இங்கேயும் திரும்பியது. எதைப் பார்க்கிறது என்று பார்த்தால், எங்கள் தரிசை!

போன வருசம் நாலு பேர் வலையோடு வந்து ஒரு சாக்குக் காடை பிடித்துக்கொண்டு போனார்கள். மறுபடி வந்தபோது விறகுக் கட்டையை எடுத்தேன். நீர் வைத்திருப்பது துப்பாக்கி என்றால் போலீசுக்குப் போவேன். நிலம் பார்க்க வந்தவர் என்றால், நாங்கள் விற்கப்போவதில்லை. "காத்து வாங்க வந்திருப்பாம்ட்டி, விடு" என்கிறார் வீட்டுக்காரர். கண்ணாடிக்குத் துண்டு போட்டு மூடிக்கொண்டு எவன் காற்று வாங்குவான்?

வண்டிப்பாதை பொதுப்பாதை. அதில் நிற்கக்கூடாது என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் குழாய் எங்கள் நிலத்துக்குள் பார்க்கிறது. இந்தக் கடிதம் இருந்த தூக்குவாளியிலேயே பதிலைப் போட்டு மரத்தில் மாட்டும். வாளியைக் கொண்டுபோய்விட வேண்டாம். பதில் இல்லையென்றால் அடுத்த ஞாயிறு நேரில் வருவேன். தனியாக வரமாட்டேன்.

பூமாரி

*

சங்கரன்கோவில்,
12-3-2025.

மதிப்பிற்குரிய பூமாரி அவர்களுக்கு,

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அண்ணாச்சி இல்லை. பெயர் பிரேமலதா, வயது முப்பத்து நான்கு. சங்கரன்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறேன். உங்கள் கடிதத்தைக் காருக்குள் வைத்துப் படித்துச் சிரித்தேன். "தனியாக வரமாட்டேன்" என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் குழாய் கேமரா லென்ஸ். சத்தியமாக அதிலிருந்து ஒன்றும் வெளியே வராது. நான் பறவைகளைப் படம் பிடிக்கிறேன். அவ்வளவுதான். துண்டு எதற்கு என்றால், உள்ளே என் கையும் தலையும் அசைவது தெரியாமல் இருக்க. இறங்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். மனிதர் நடந்து வந்தால் நூறு அடிக்கு முன்னாலேயே பறவை எழும்பிவிடுகிறது. அதே பறவை, நின்றுபோன காரை ஒரு பாறை மாதிரி நினைத்துக்கொள்கிறது! எஞ்சினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் அசையாமல் இருந்தால் போதும். போன வியாழக்கிழமை ஒரு ஆள்காட்டி என் முன் டயருக்குப் பக்கத்தில் நடந்து போனது. அதன் மூக்கின் மேலுள்ள மஞ்சள் தோல்கூடத் தெரிந்தது. லென்ஸில் பிடிக்க முடியாத அளவுக்குக் கிட்டத்தில்! படம் எடுக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பெண்பிள்ளை தனியாகக் காட்டுப் பக்கம் நிற்கும்போது, நாலு கதவையும் பூட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருக்கிறது. பழைய ஆல்ட்டோதான். ஏசி வேலை செய்யாது.

என் வேலை ஜன்னல் இல்லாத அறையில். பகல் முழுக்க எலும்புகள். யார் முகமும் ஞாபகம் இருக்காது, முட்டியைப் பார்த்தால் சொல்லிவிடுவேன். ஆகவே காலை ஆறிலிருந்து எட்டு வரை இங்கே வந்துவிடுகிறேன். ஒன்பது மணிக்கு டூட்டி.

உங்கள் மின்கம்பியில் உட்கார்ந்த பனங்காடையின் படம் ஒன்று வைத்திருக்கிறேன். உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள். என் போன் நம்பர் படத்தின் பின்னால் இருக்கிறது. போக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பிரேமலதா

*

14-3-2025.

பிரேமலதாவுக்கு,

பெண் என்று தெரியாமல் எழுதிவிட்டேன். எழுதினதற்கு வருத்தமில்லை. யாராக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

படத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பெயர் காசி. "ஏட்டி, இது நம்ம கம்பியில கெடக்க பனங்காடைல்லா! றெக்கைக்குள்ள இவ்வளவு நீலத்தை வச்சிக்கிட்டா நம்ம மாட்டுக்குப் பின்னால அலையுது?" என்று எதிர்வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். படத்தில் மூன்று பேர் கைரேகை.

போனில் பேச எனக்குத் தோதில்லை. போன் அவர் சட்டைப் பையில் கிடக்கும். எனக்கும் பேச்சென்றால் வார்த்தை தடித்துவிடும். வாளி இருக்கட்டும்.

நீங்கள் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறீர்கள், இல்லையா? கிளம்பி கால் மணி நேரத்தில் வருகிறது எங்கள் நிலத்து ராசா. கல்கவுதாரி. மோட்டார் ரூமிலிருந்து மாட்டுத் தீவனச் சோளத்துக்குப் போகிற குழாய் ஒரு இடத்தில் ஒழுகும். அங்கே சேலை முந்தி அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். எட்டேகாலுக்கு மேலே சத்தம் கேட்கும். ஆளைப் பார்த்தால் இறங்காது. தூரத்திலிருந்து முதுகைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கிட்டத்தில் அது எப்படி இருக்கும் என்று பதினெட்டு வருசமாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காரை உடைமரத்தடியில் விட வேண்டாம். மோட்டார் ரூமின் மேற்குச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நான் ஒன்பதரைக்கு மேல்தான் வருவேன்.

நிலத்துக்குள் காலை மட்டும் வைக்கக்கூடாது.

பூமாரி

*

17-3-2025.

பூமாரி அக்கா,

அக்கா என்று எழுதலாம்தானே? எழுதிவிட்டேன்.

வந்தது! எட்டேகால்கூட இல்லை, எட்டு பன்னிரண்டு. "குட்ருக், குட்ருக்" என்று மேலே எங்கோ கேட்டது. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆறு பறவைகள் கல்லை விட்டெறிந்த மாதிரி வந்து தரையில் இறங்கின. இறங்கின இடம் தெரிகிறது, பறவையைக் காணோம்! கண்ணைத் தேய்த்துப் பார்த்தால் ஒரு கல் நகர்கிறது. அடுத்த கல்லும் நகர்கிறது. குட்டைக் கால்களால் குடுகுடுவென்று ஓடி வந்து, தண்ணீரில் மூக்கை வைத்து நாலைந்து மடக்கு. முடிந்தது. முழுசாக ஒரு நிமிடம் இல்லை. அவசரத்தில் முதல் முப்பது படமும் வெறும் புழுதி.

ஆனால் முப்பத்தொன்றாவது படம் வைத்திருக்கிறேன், பாருங்கள். இடப்பக்கம் நிற்பவர் ஆண். நெஞ்சில் மையால் கோடு இழுத்த மாதிரி ஒரு வரி, அதற்குக் கீழே வயிறு கருத்துப்போய் இருக்கிறது. கன்னம் மட்டும் மஞ்சள். வலப்பக்கம் பெண். உடம்பெல்லாம் பொடி எழுத்து. பதினெட்டு வருசமாக நீங்கள் பார்க்காத முகம் இதுதான் அக்கா.

டூட்டிக்குப் பத்து நிமிடம் தாமதம். ஒரு பெரியவரின் தோள்பட்டையைப் படம் எடுக்கும்போது "என்னம்மா, நீயா சிரிச்சுக்கிட்டிருக்க?" என்று கேட்டார்.

ஒரு சந்தேகம். தண்ணீர் குடித்ததும் ஐந்து பறவைகள் தெற்கே போயின. ஒரு பெண் மட்டும் உங்கள் தரிசின் நடுவில், கற்குவியல் இருக்கிற பக்கம் தாழப் பறந்து இறங்கியது. திரும்ப எழும்பவில்லை. அங்கே ஏதாவது இருக்குமா?

பிரேமலதா

*

22-3-2025.

பிரேமலதா,

இருக்கிறது.

நீ எழுதினதைப் படித்துவிட்டு (நீ என்றே எழுதுகிறேன், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்) கற்குவியல் பக்கம் போனேன். ஒவ்வொரு அடியாகக் கீழே பார்த்து வைத்தேன். என் காலுக்கு இரண்டு முழம் முன்னால் தரை படாரென்று எழும்பிப் பறந்தது. உயிர் போய் வந்தது எனக்கு. குனிந்து பார்த்தால் மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்தில் மூன்று முட்டை! கூடும் இல்லை, குச்சியும் இல்லை. வெறும் மண்ணில். சாம்பலில் காவி தெளித்த நிறம். பக்கத்துக் கல்லும் அதே நிறம். பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட்டேன், வெயில் ஏறுவதற்குள் அது வந்து உட்காரட்டும் என்று. பதினெட்டு வருசமாக அந்தக் கற்குவியல் மேல் சாணிக்கூடையை வைத்துவிட்டு இளைப்பாறியிருக்கிறேன், கேட்டுக்கொள்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கெட்டவர் இல்லை. ஆனால் சொன்னால் சாயங்காலமே ஊரைக் கூட்டிவந்து காட்டுவார். இன்னொன்று, முதல் மழை விழுந்ததும் இந்தத் தரிசைக் கோடை உழவு போடப்போகிறார். டிராக்டருக்குச் சொல்லியாயிற்று. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக மழை தள்ளி வரட்டும் என்று கும்பிடுகிறேன். மாட்டுக்குப் புல் இல்லாத நேரத்தில் இப்படிக் கும்பிடுகிறவளை என்ன சொல்ல?

இது உனக்கும் எனக்கும் மட்டும்.

பூமாரி

*

26-3-2025.

அக்கா,

இன்று காரை வண்டிப்பாதை வளைவில் நிறுத்தினேன். அங்கிருந்து கற்குவியல் தெரிகிறது. அரிசி நிரப்பிய துணிப்பையைக் கதவின் மேல் வைத்து, அதன் மேல் லென்ஸை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தேடினேன். ஒன்றுமில்லை, கல், கல், கல். வேறு பக்கம் திரும்பப்போகிற நேரத்தில் ஒரு கல் கண்ணைச் சிமிட்டியது!

அவள் அங்கேயேதான் இருந்திருக்கிறாள். என்னையே பார்த்துக்கொண்டு.

படம் வைத்திருக்கிறேன். எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடியுங்கள், பார்ப்போம். ராத்திரியில் ஆண் பறவை வந்து அடைகாக்குமாம். பகலில் இவள். எனக்கு வேலை ஓடவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருக்கிறது.

பிரேமா

*

30-3-2025, ஞாயிறு.

பிரேமலதாவுக்கு,

இன்று காலை நாலு கார் வந்தது. நாளைக்கு ரம்ஜான், லீவு என்று கிளம்பி வந்திருக்கிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்தும் ஒரு கார். பால் ஊற்றிவிட்டு வந்தபோது ஏழெட்டுப் பேர் குழாயைத் தூக்கிக்கொண்டு தரிசுக்குள் நடக்கிறார்கள். ஒரு கார் தரிசுக்குள்ளேயே போய்விட்டது.

"யாரு நீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்திய?" என்று கத்தினேன்.

ஒருத்தர் போனை எடுத்துக் காட்டினார். "இந்தக் கூடு இங்கதான இருக்கு? குரூப்ல போட்டிருக்காங்க." உன் படம். நீ எனக்கு வாளியில் வைத்த அதே படம். கீழே எங்கள் ஊர்ப் பெயர்.

விரட்டிவிட்டேன். எப்படி என்று கேட்காதே. அவர்கள் போன பிறகு கற்குவியல் பக்கம் போனேன். டயர் தடத்தின் ஓரத்தில் ஒரு முட்டை உடைந்து கிடந்தது. உள்ளே காலும் மூக்கும் தெரிந்தது. மற்ற இரண்டும் மயிரிழையில் தப்பியிருக்கின்றன. தாய் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து நடந்தே வந்தாள், வட்டம் போட்டு வட்டம் போட்டு. உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் நான் தண்ணீர் குடித்தேன். நல்லவேளை, வீட்டுக்காரர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்.

உனக்கும் எனக்கும் மட்டும் என்று எழுதியிருந்தேன். உனக்கு எழுத்து வாசிக்கத் தெரியும் என்று நினைத்தேன்.

படங்கள் மூன்றும் இதில் இருக்கின்றன. எனக்கு வேண்டாம்.

பூமாரி

*

2-4-2025.

அக்கா,

நான்தான் போட்டேன். வேறு யாரும் இல்லை. பறவைப் படம் எடுப்பவர்கள் இருநூறு பேர் உள்ள ஒரு குழு. போன புதன்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போகும் வரைகூடப் பொறுக்காமல், சென்டர் வாசலில் நின்றபடி போட்டேன். எல்லோரும் "எங்கே, எங்கே" என்று கேட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னேன். என் படத்தை இத்தனை பேர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் உங்கள் கடைசி வரி எனக்கு ஞாபகமே வரவில்லை. வந்திருந்தால் போட்டிருக்கமாட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

படத்தை எடுத்துவிட்டேன். உடைந்த முட்டையைப் பற்றிக் குழுவில் எழுதினேன், என் தப்பு என்றும் எழுதினேன். சிலர் வருத்தப்பட்டார்கள். ஒருவர் "ஒரு முட்டைதானே" என்றார். குழுவைவிட்டு வந்துவிட்டேன்.

முட்டைக்குள் காலும் மூக்கும் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் மற்ற இரண்டும் ஏழெட்டு நாளில் பொரிக்கும் அக்கா. அதுவரை யாரையும் விடாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான். நான் இனி வரவில்லை. இந்தக் கடிதத்தை வைக்க வந்தபோதுகூடக் காரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடந்துதான் வந்தேன்.

பிரேமலதா

*

9-4-2025, காலை.

பிரேமலதா,

இதைப் பால் வண்டி பாதுஷாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் சென்டர் அவருக்குத் தெரியுமாம். அவர் மாமியார் கையை நீதான் படம் எடுத்தாயாம்.

கோபம் தீரவில்லை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நேற்று பொரித்துவிட்டது. இரண்டும்! பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி. பொரித்த அன்றைக்கே நடக்கிறது, தானே பொறுக்குகிறது. தாய் முன்னால் போகிறாள், அப்பன் பின்னால் போகிறான். மோட்டார் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அரைக் கை அளவு உயரம்கூட இல்லை.

ஆனால் கேள். மூன்று நாளாகக் கிணற்றில் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடவில்லை, குழாய் ஒழுகவில்லை, தேங்கின இடம் வெடித்துக் கிடக்கிறது. எட்டேகாலுக்கு ஆண் வந்தது. சுற்றியது. இறங்கியது. காய்ந்த மண்ணில் மூக்கால் தட்டிப் பார்த்தது. போய்விட்டது. குஞ்சுகளால் பறந்து போய்த் தண்ணீர் குடிக்க முடியாது. மாட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தேன், கிட்டவே வரவில்லை. வீட்டிலிருந்து குடத்தில் சுமந்து எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றுவேன். எதில் ஊற்ற, எங்கே ஊற்ற? உனக்குத்தான் தெரியும். எழுதிக் கொடுத்துவிடு. சாயங்காலம் பாதுஷா அந்த வழியாகத்தான் திரும்புவார்.

பூமாரி

*

9-4-2025, சாயங்காலம்.

அக்கா,

பாதுஷா அண்ணன் வாசலில் நிற்கிறார். வேகமாக எழுதுகிறேன்.

தொட்டி உயரம். கவுதாரிக்கு நடந்து இறங்குகிற தண்ணீர் வேண்டும். முன்பு தேங்கி நின்ற அதே இடத்தில் முறத்தளவு பள்ளம் தோண்டுங்கள். பாலிதீன் தாள் விரித்து, மேலே மண்ணும் சரளையும் போட்டுத் தாள் தெரியாமல் மூடுங்கள். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். விடிந்ததும் ஊற்றிவிட்டு ஒளிந்துகொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், குஞ்சுகளுக்கு யார் தண்ணீர் கொண்டுபோகிறார்கள் தெரியுமா? அப்பன்! வாயில் இல்லை அக்கா, வயிற்றில்! அதன் வயிற்று இறகு பஞ்சு மாதிரி. தண்ணீரில் உட்கார்ந்து நனைத்துக்கொண்டு பறந்து போய்க் குஞ்சுகளுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்குமாம். குஞ்சுகள் அந்த இறகைச் சப்பிக் குடிக்குமாம். படித்திருக்கிறேன். பார்த்ததில்லை. நீங்கள் பார்க்கப்போகிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பள்ளத்தைத் தோண்டுங்கள்!

பிரேமா

*

11-4-2025.

ஏட்டி பிரேமா,

தோண்டினேன். உரச்சாக்குக்குள் இருக்கிற பாலிதீனைக் கிழித்து விரித்தேன். இரண்டு குடம் ஊற்றினேன். காசி பார்த்துவிட்டு, "ஏட்டி, ஆட்டுக்குட்டிக்கு நீச்சல் படிச்சுக் குடுக்கப் போறியோ?" என்று கேட்டார். மைனாவுக்கு என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஆண் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. நான் அழுதுவிட்டேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன. இன்று நான் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் ஈர மண்ணில் கால் தடம்! பொடிப்பொடியாக, தண்ணீருக்குள் இறங்கி ஏறின தடம். ஆனால் நான் பார்க்கவில்லை. பள்ளம் இருக்கிற பக்கம் ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்தால் எழும்பிவிடும்.

அப்பன் வயிற்றில் தண்ணீர் கொண்டுபோகிறான் என்று எழுதிவிட்டு, அதைப் பார்க்காமல் இரு என்றால் எப்படி இருப்பது?

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா. ஆறு மணிக்கு. தோண்டின இடமும் கற்குவியலும் இரண்டும் தெரிகிற இடத்தை நான் பார்த்து வைத்திருக்கிறேன். பக்கத்து சீட்டில் இருக்கிற சாமானை எடுத்துப் பின்னால் போடு. நான் உட்காருவேன்.

பூமாரி

*

14-4-2025, சித்திரை முதல் நாள்.

அக்கா,

நேற்று காருக்குள் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நாம் பேசியது பத்து வார்த்தை இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் காரில் ஏறியதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒல்லியா இருக்கியே, சாப்பிடுதியா இல்லியா?" என்றீர்கள். திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தேன்.

எட்டு பத்துக்குச் சத்தம் கேட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்களே, அது இன்னும் சிவந்திருக்கிறது. அந்தப் பிடியில் முதல் இருபது படம் ஆடிப்போய்விட்டது. பரவாயில்லை. அது தண்ணீருக்குள் இறங்கி, இறகை விரித்து உட்கார்ந்து, கோழி தவிட்டில் குளிக்கிற மாதிரி மேலும் கீழும் ஆடியபோது "ஏ ஆத்தா, ஏ ஆத்தா" என்று மூச்சுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டேன். மூன்று நிமிடம் ஆடியது! எழும்பியபோது வயிற்றிலிருந்து சொட்டியது. அது உங்களுக்கும் தெரிந்ததா?

அப்புறம் கற்குவியல். அது நெஞ்சை நிமிர்த்தி நின்றதும் எங்கிருந்தோ இரண்டு உருண்டைகளும் ஓடி வந்து வயிற்றுக்குள் தலையை நுழைத்தன. கன்றுக்குட்டி முட்டுகிற மாதிரி முட்டி முட்டிக் குடித்தன. நீங்கள் அப்போது அழுதீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன், கண்ணாடி மங்கிப்போனது.

நூற்று நாற்பது படம். அதில் ஒன்பது நன்றாக வந்திருக்கிறது. இரண்டு பிரதி போட்டேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவது இல்லை. போன தடவை திருப்பி அனுப்பிய மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஒரு கெட்ட சேதி. நாளையிலிருந்து எனக்குக் காலை ஆறு மணி டூட்டி. உடன் வேலை பார்ப்பவர் பிரசவ விடுப்பில் போகிறார், ஞாயிறும் கிடையாது. மே முடியும் வரை வர முடியாது. குஞ்சுகள் பறக்க நாலு வாரம் ஆகும். அதுவரை மழையையும் டிராக்டரையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு எழுதுங்கள். ஒரு நாள் விடாமல் எழுதுங்கள்.

பிரேமா

*

10-5-2025, சனி.

பிரேமா,

ஒரு நாள் விடாமல் எழுதச் சொன்னாய். நாலு வாரமாகத் துண்டுச் சீட்டுகளாகப் பாதுஷாவிடம் கொடுத்தனுப்பினேன். மழை பெய்த அன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதவில்லை. முடிவு தெரியாமல் எழுதி உன்னைப் பதறவைக்க வேண்டாம் என்றுதான். இப்போது முழுசாக எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

சித்திரை பத்தாம் தேதி மழை விழுந்தது. மறுநாள் காலை நான் போவதற்கு முன்னால் டிராக்டர் தரிசில் நிற்கிறது. காசி கலப்பையை இறக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஓடிப்போய் முன்னால் நின்றுவிட்டேன்.

"ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா? தள்ளு."

"இன்னைக்கு உழ வேண்டாம்."

"நேத்து வரைக்கும் மழை இல்ல, மழை இல்லன்னு பொலம்பினவ நீதான?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முட்டை, நாலு கார், பள்ளம், மைனா பொய், எல்லாம். உன் ஒன்பது படத்தையும் எடுத்துக் கொடுத்தேன், இடுப்பில் சொருகி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது நம்ம நிலமா?" என்று கேட்டார். இதை என்னிடம் ஒரு மாசம் மறைத்தாயா என்று கேட்கவில்லை. ஆனால் முகத்தில் அது இருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"எங்கன இருக்கு? ஒண்ணையும் காங்கலயே" என்று கற்குவியல் பக்கம் நடந்தார். நான் "காலை வைக்காதிய!" என்று கத்தினேன். ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். அவர் கால் விழ வேண்டிய இடத்தில் குஞ்சு ஒன்று தரையோடு தரையாக அப்பிக்கிடந்தது. அசையவே இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. அவர் அந்தக் காலை அப்படியே பின்னால் எடுத்து வைத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கோயில் பிரகாரத்தில் நடக்கிற மாதிரி வந்தார்.

டிராக்டர்காரரிடம் போய், "மேக்கால மட்டும் ஓட்டும். இந்தக் கல்லாங்குத்து எதுக்கும் ஆவாது, கெடக்கட்டும்" என்றார். எதுக்கும் ஆகாத கல்லாங்குத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு அவரே கயிறு கட்டினார். ஊர் முழுக்கச் சொல்லுவார் என்று பயந்தேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் கேட்டதற்கு ஏதோ சர்வே என்றுவிட்டார். அன்றையிலிருந்து காலையில் குடம் தூக்குகிறவர் அவர்தான்.

இப்போது நேற்றைய சங்கதி. வேறு யாருக்கோ உழ வந்த வாடகை டிராக்டர் ஒன்று டயர் பஞ்சராகிப் பாதையில் இரண்டு நாளாக நிற்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பார்த்தோம். ஏழரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம். காசிக்குத் தும்மல் வந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டது. ஆண் இறங்கியது. பெண் இறங்கியது. அவை ஓடிவந்து குடிக்க ஆரம்பித்ததும் கற்குவியல் பக்கம் பார்த்தேன். குஞ்சுகள் இல்லை! நாய் ஏதாவது வந்ததா, பருந்தா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன், காசி என் தோளை உலுக்கி மேலே காட்டுகிறார். வாயில் துண்டு இருப்பதால் பேச முடியவில்லை.

மேலேயிருந்து வந்தன, பிரேமா. இரண்டும்! றெக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, இறங்கத் தெரியாமல் ஒன்று குப்புற விழுந்து எழுந்தது. நேரே தண்ணீருக்கு ஓடின. அப்பன் வயிற்றுக்குப் போகவில்லை. தானே மூக்கை வைத்துத் தானே குடித்தன.

நாலும் குடித்தன. பெரியது இரண்டும் எழும்பின, சின்னதில் ஒன்று எழும்பியது. கடைசி ஒன்று மட்டும் இன்னும் ஒரு மடக்கு குடித்துக்கொண்டு நின்றது. காசி துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "ஏ மக்கா, போலே! அவ்வொ போறாவ பாரு, போலே!" என்று டிராக்டர் மேல் எழுந்து நின்று கத்தினார். அது திடுக்கிட்டு எழும்பியது. முதலில் தாழ்வாகப் போய், மின்கம்பிக்குக் கீழே நுழைந்து, அப்புறம் றெக்கையை அடித்த அடியில் புதுசாக உழுத நிலத்தைத் தாண்டி மற்ற மூன்றையும் பிடித்துவிட்டது.

பூமாரி அக்கா